டிக்கி நிறையப் பெட்டி, காதில ஒண்டும் இல்லை

கார் வாங்கினால் எங்கட ஊரில் அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் கோயிலடியில் பூசை, சில்லுக்குக் கீழே தேசிக்காய். அடுத்தது சீற் கவர். மூன்றாவது, நேராக ஓடியோக் கடை. கொம்பனி பூட்டி அனுப்பின செற்றைக் கழற்று, பெரிய ஸ்கிரீன் ஒன்றைப் பூட்டு, நாலு கதவுக்கும் வேற ஸ்பீக்கர், டிக்கிக்குள் ஒரு சப்வூஃபர் பெட்டி, அதை இழுக்க ஒரு அம்ப். காரில் ஏற்கெனவே இருந்த செற்றில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டுப் பார்த்தீங்களா என்று கேட்டால் பதில் வராது. "கொம்பனி செற் சரிவராது மச்சான்" என்பது யாரும் சோதித்துப் பார்க்காமலே எல்லோரும் நம்புகிற ஒரு வேதவாக்கு.

நான் சொல்ல வருவது இதற்கு நேரெதிர். பெரும்பாலான கார்களில் கொம்பனி செற்றே எங்களுக்குப் போதும். அது நல்லாப் பாடாததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த செற் இல்லை. நாங்கள் அதற்குள் அனுப்புகிற பாட்டு, போட்டு வைத்திருக்கிற செற்றிங், கதவுக்குள் கிடந்து நடுங்குகிற சாமான் இவைதான். இந்த மூன்றையும் சரி பண்ணக் காசு அவ்வளவாகத் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போதும். இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நாங்கள் தேடுவது நல்ல சத்தமா, பெரிய சத்தமா? எங்கட பேச்சில் இரண்டுக்கும் 'சத்தம்' என்ற ஒரே சொல்தான். குழப்பம் அங்கேயே தொடங்குது போல.

3 வாட்டில் கேட்ட சனம்

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு சனம் எப்படி ரேடியோ கேட்டது என்று வீட்டில் பெரியாக்களிடம் கேட்டுப் பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோ பாடும். சுத்துகிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும். சாதாரண சைக்கிள் டைனமோ ஒன்றின் அளவு 6 வோல்ட், 3 வாட். அந்த 3 வாட்டுக்குள் செய்தியும் கேட்டார்கள், பாட்டும் கேட்டார்கள், சுற்றி இருந்த பத்துப் பேருக்கும் விளங்கினது.

பழசுதான் நல்லது என்று சொல்ல இதை எழுதவில்லை. பெடலைச் சுத்திப் பாட்டுக் கேட்க இப்ப யாருக்கும் விருப்பம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் கேட்கிற ஆளின் கவனத்துக்கும் வாட்டுக்கும் உள்ள உறவு நாங்கள் நினைக்கிற மாதிரி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வாட் கதையை எடுத்தால் ஒரு சின்னக் கணக்கும் பார்க்கோணும். புது செற்றுகளின் பெட்டியில் '4 × 50 வாட்' என்று பெரிசாக அடித்திருக்கும். கார் ஓடும்போது கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். சாதாரண கார் ஸ்பீக்கர் 4 ஓம். தனி அம்ப் இல்லாமல் அந்த 14 வோல்ட்டில் நேராக ஓடுகிற செற் ஒன்று, உடையாத சுத்தமான ஒலியாக ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 25 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் இன்னும் குறைவு. இந்த உச்சவரம்பு கொம்பனி செற்றுக்கும் ஒன்றுதான், நீங்கள் காசு கொடுத்து மாத்துகிற பெரிய ஸ்கிரீன் செற்றுக்கும் ஒன்றுதான். பெட்டியில் உள்ள 50, ஒலி உடைந்து நொறுங்குகிற இடத்தில் அளந்த எண்.

சரி, தனி அம்ப் போட்டு வாட்டை இரட்டிப்பாக்கினால்? 20 வாட்டை 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கு' என்றுதான் தெரியும். இரண்டு மடங்கு சத்தம் போலத் தெரியவேண்டும் என்றால் ஏறக்குறைய 10 டெசிபல் கூடோணும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. காசு போகிற வேகத்துக்கும் காது உணர்கிற வேகத்துக்கும் பொருத்தமே இல்லை.

முதலில் பாட்டைப் பாருங்கள்

செற்றைக் குறை சொல்ல முதல் அதற்குள் என்ன போகிறது என்று பார்க்கோணும். எங்கட பெடியளின் யூஎஸ்பியில் இருக்கிற பாட்டுகளில் கனக்க, எங்கேயோ இருந்து இறக்கி, யாரோ மாத்தி, இன்னொருவர் கொப்பி பண்ணித் தந்தவை. ஒருமுறை சுருக்கின பாட்டை மறுபடி '320' என்று மாத்தி வைத்தால் ஃபைல்தான் பெரிசாகும். போன ஒலி திரும்பி வராது. ஸ்பொட்டிஃபை பாவிக்கிறீங்கள் என்றால் செற்றிங்கில் ஒலித் தரத்தைப் பாருங்கள். நோமல் என்று இருந்தால் 96 கிலோபிட். வெரி ஹை என்று இருந்தால் 320. டேட்டா மிச்சம் பிடிக்கக் குறைத்து வைத்துவிட்டு ஸ்பீக்கரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. வீட்டு வைஃபையில் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்தால் ரோட்டில் டேட்டாவும் போகாது.

அடுத்தது, பாட்டு எந்த வழியால் போகிறது என்பது. சிகரெட் லைட்டர் துவாரத்தில் குத்துகிற எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர்தான் எல்லாவற்றிலும் மோசம். எஃப்எம் வழியாகப் போகிற எந்தப் பாட்டும் 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வெட்டுப்படும். அதோடு அந்தச் சாமானின் பலவீனமான சிக்னலுக்குள் பக்கத்து ஸ்டேஷன் வேற வந்து நுழையும். புளூடூத் அதைவிட எவ்வளவோ மேல். யூஎஸ்பி அல்லது ஓக்ஸ் வயர் இருந்தால் அதுதான் முதல் தெரிவு. சில ஜப்பான் செற்றுகளில் முன்னால் ஒன்றும் தெரியாவிட்டாலும், பின்பக்கம் வெளியிலிருந்து பாட்டுக் கொடுக்க ஒரு சொக்கற் இருக்கும். செற்றையே கழற்ற முதல் அதை ஒருக்கா பாக்கச் சொல்லுங்கோ.

வயரில் கேட்கும்போது போனின் வொலியூமை முழுசுக்குக் கிட்ட வைத்து, கூட்டிக் குறைப்பதைச் செற்றில் செய்யுங்கள். போனைப் பாதியில் வைத்துவிட்டு செற்றை முறுக்கினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். போன் சார்ஜில் இருக்கும்போது மட்டும், எஞ்சின் கூடக் கூட ஒரு கீச்சுச் சத்தம் ஏறி இறங்குகிறதா? ஸ்பீக்கரில் பிழை இல்லை. சார்ஜருக்கும் ஓக்ஸ் வயருக்கும் இடையில் வருகிற எர்த் பிரச்சினை அது. சார்ஜரைக் கழற்றினால் போய்விடும்.

ஜப்பான் ரேடியோவின் பாவம்

இலங்கையில் ஓடுகிற ரீகண்டிஷன் கார்களுக்கு என்றே ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ஜப்பானில் எஃப்எம் 76 இல் தொடங்கி நெடுங்காலமாக 90 மெகாஹேர்ட்ஸோடு முடிந்தது. பிறகுதான் 95 வரை நீட்டினார்கள். எங்கட ஸ்டேஷன்கள் 108 வரை போகும். அதனால் ஜப்பான் செற்றில் எங்கட ஸ்டேஷன் பாதிக்கு மேல் வராது. இதற்குக் கடையில் ஏரியல் வயருக்கு இடையில் ஒரு சின்னப் பெட்டி பூட்டிவிடுவார்கள். அது சிக்னலைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால் 102.1 இல் இருப்பது 82.1 இல் பாடும். நல்ல உபாயம்தான். ஆனால் மலிவான பெட்டி என்றால் இரைச்சலும் சேர்ந்து வரும், ஒரு ஸ்டேஷனுக்கு மேல் இன்னொன்று ஏறி நிற்கும்.

இந்த ரேடியோவைக் கேட்டுவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் 'ஜப்பான் செற் சரியில்லை' என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். அதே செற்றில் யூஎஸ்பியால் ஒரு நல்ல பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை எழுதுங்கள்.

பட்டன்களுக்கும் வேலை உண்டு

கொம்பனிக்காரர் ஒரு செற்றைக் காரில் வைக்கும்போது அந்தக் காரின் கதவு, சீற், கண்ணாடி எல்லாவற்றையும் வைத்துத்தான் ஒலியைச் சரி பண்ணுகிறார்கள். போஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டர்ஸோடு சேர்ந்து 1983 மொடல் கார்களில், அந்தந்தக் காரின் உள்பக்கத்துக்கு என்றே அளந்து செய்த செற்றைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே போய்விட்டது. அதனால்தான் ஸ்பீக்கரை மட்டும் விலை கூடினதாக மாத்தினால் சில கார்களில் முன்னைவிட மோசமாகக் கேட்கிறது. செற் பழைய ஸ்பீக்கரின் குறையை நிரப்பிக்கொண்டிருந்தது. இப்ப அந்தக் குறை இல்லை, நிரப்புதல் மட்டும் மிச்சமாக நிற்குது.

ஆகவே முதலில் பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். போனில் உள்ள ஈக்குவலைசரையும் நிறுத்துங்கள். இரண்டு இடத்தில் பாஸைக் கூட்டினால் ஒலி உடையாமல் என்ன செய்யும்? பிறகு தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு, கூடினதைக் குறையுங்கள். குறைந்ததைக் கூட்டுவதைவிடக் கூடினதைக் குறைப்பது எப்பவும் பாதுகாப்பு. சின்ன அம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருந்தால் அது என்னத்துக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். 1933 இல் ஃபிளெச்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விசயத்தை அளந்து காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது எங்கட காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் இன்னும் குறைவாகவே கேட்கும். அந்தக் குறையை ஈடு செய்யத்தான் அந்தப் பட்டன். மெல்லமாகக் கேட்கும்போது போடலாம், கூட்டிக் கேட்கும்போது நிறுத்தோணும். எங்கட ஆக்கள் வாங்கின நாளில் போட்டால் விற்கிற நாள் வரைக்கும் அது ஓனில்தான்.

எங்கட நாட்டில் ஓட்டுகிற ஆள் வலப்பக்கம் இருப்பார். வலக்கதவு ஸ்பீக்கர் அவருக்குக் கிட்ட, இடக்கதவு ஸ்பீக்கர் தூர. ஒரு மீற்றர் வித்தியாசம் என்றால் ஒலி வந்துசேர ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் பிந்தும். கிட்ட இருப்பது முந்தி வருவதால் முழுப் பாட்டும் வலக்கதவுக்குள் இருந்து வருவது போல இருக்கும். பலன்ஸை ஒரு சொட்டு இடப்பக்கம் தள்ளுங்கள், ஃபேடரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பாடுகிறவர் டாஷ்போர்டுக்கு மேலே வந்து நிற்பார். கச்சேரியில் பாடகரை யாரும் முதுகுக்குப் பின்னால் இருத்துவதில்லைத்தானே.

செற்றையோ ஸ்பீக்கரையோ ஏற்கெனவே யாரும் கழற்றிப் பூட்டின கார் என்றால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பலன்ஸை நடுவில் வைத்துக் கேளுங்கள், பிறகு ஒரு பக்கத்துக்கு முழுசாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது பாஸ் கூடுகிற மாதிரி இருந்தால், எங்கேயோ ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று முன்னுக்குத் தள்ள மற்றது பின்னுக்கு இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கும். வயரை மாத்திக் குத்தினால் முடிந்தது. இந்தப் பிழை தெரியாமல் சப்வூஃபர் வாங்கினவர்கள் எத்தனை பேரோ.

கதவுதான் ஸ்பீக்கர்ப் பெட்டி

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிற மாதிரி கார் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் தண்ணிப் போத்தல், குடை, சில்லறைக் காசு, பழைய பில் கட்டு என்று எல்லாம் கிடக்கும். பாஸ் வரும் பாட்டொன்றைப் போட்டுவிட்டுக் கதவில் அங்கங்கே கையை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது எந்த இடத்தில் நடுக்கம் நிற்கிறதோ அங்கேதான் கிளிப் லூஸ். பின் நம்பர் பிளேட்டும் பாடும், அதையும் இறுக்குங்கள். ஸ்பீக்கரின் ஸ்க்ரூ இறுக்கமா, அதைச் சுற்றி இடைவெளி இருக்கா, கதவின் உள்பக்க பிளாஸ்ரிக் தாள் கிழிஞ்சிருக்கா என்று பாருங்கள். ஸ்பீக்கரின் முன்னால் வருகிற ஒலியும் பின்னால் போகிற ஒலியும் ஓட்டை வழியாகச் சந்தித்தால் பாஸ் அங்கேயே செத்துப்போகும்.

கார் 60 இல் ஓடும்போது உள்ளே சும்மாவே 60, 70 டெசிபல் இரைச்சல் இருக்கும். பாட்டு அதோடு போட்டி போடுகிறது. ரயர் காற்று, கண்ணாடி ரப்பர், ஏசி ஃபான் இவற்றைக் கவனித்தால் அந்த இரைச்சல் குறையும். ஒரு அம்பின் விலையைவிட மலிவாக அதே 3 டெசிபலை இந்த வழியால் எடுக்கலாம்.

அப்ப ஒண்டும் மாத்தவே கூடாதா?

கூடாது என்று சொல்லவில்லை. சின்னக் கார்களில் வருகிற சில ஸ்பீக்கர்கள் உண்மையாகவே மட்டமானவை. ஈரத்தில் கடதாசிக் கோன் உக்கிப்போன பழைய ஸ்பீக்கரை எந்த செற்றிங்கும் காப்பாத்தாது. நெஞ்சுக்குள் இறங்குகிற அடி பாஸ் கதவு ஸ்பீக்கரில் வராது, அது உடலின் அளவு சம்பந்தப்பட்ட விசயம். அது வேணும் என்றால் சின்ன சப்வூஃபர் ஒன்று நியாயமான செலவு. ஆனால் செலவுக்கு ஒரு வரிசை இருக்கு: முதல் பாட்டு, பிறகு செற்றிங், பிறகு கதவு, பிறகு முன் ஸ்பீக்கர், கடைசியாகத்தான் பெட்டி. எங்கட பெடியள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் நாட்டுக்கு வந்த நெருக்கடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருக்கிற காரை வைத்து ஓட்டுவதுதான் கனபேருக்கு இப்பவும் நிலைமை. பாதிப் பேர் லீசிங் கட்டுகிறார்கள். சிலருக்கு வெளிநாட்டில் இருந்து அண்ணாவோ சித்தப்பாவோ அனுப்புகிற காசு. அந்தக் காசில் ஒரு பங்கு, யாரும் கேட்டுப் பார்க்காத ஒரு பிரச்சினைக்குத் தீர்வாக டிக்கிக்குள் போய்க் குந்தியிருக்குது.

பின்சீற்றில் இருக்கிற ஆக்கள்

"என்ர கார், என்ர பாட்டு, உனக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சத்தமாகப் பாட்டுப் போட்டு ஓடுவதில் ஒரு சந்தோசம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கார் என்பது ஒரு ஆளின் ஹெட்போன் இல்லை. பின்னால் அம்மம்மா இருப்பா, தங்கச்சியின் கைக்குழந்தை இருக்கும். கலியாண வீட்டு ஹயர் வானிலோ தூர ஓட்டப் பஸ்ஸிலோ சப்வூஃபருக்குப் பக்கத்து சீற் யாருக்குக் கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். "தம்பி, கொஞ்சம் குறையுங்கோ" என்று சொல்லக் கூச்சப்பட்டு, காதைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்களும் வயசானவர்களும்தான். வொலியூம் யாரின் கையில் இருக்கிறதோ அவர்தான் எல்லோருடைய காதுக்கும் முடிவெடுக்கிறார்.

கைபிடித்து ஓட்டுகிற தம்பிமாரின் காதுக்கும் இது நல்லதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஒரு ஓட்டம் ஓடினால் அந்த வாரத்துப் பங்கு முடிந்துவிடும். காதுக்குள் செத்த நுண்மயிர்க் கலங்கள் திரும்ப முளைக்காது. அவற்றுக்கு ரீகண்டிஷன் சாமானும் வராது.

கடைசியாக, கடைக்குப் போக முதல் செய்து பார்க்க ஒரு சோதனை. நல்லாப் பதிவு செய்த தவில் கச்சேரி ஒன்றை எடுங்கள். தெட்சணாமூர்த்தி பிறந்த மண் இது, எங்களுக்குத் தவில் சத்தம் சின்னனில் இருந்து காதில் ஊறினது. தவிலுக்கு ஒரு பக்கம் கூடு மாட்டின விரல்கள், மற்றப் பக்கம் கம்பு. விரல் அடி கணீர் என்று தெறிக்கும், கம்பு அடி கும் என்று இறங்கும். உங்கட காரில் இந்த இரண்டும் வேற வேறயாகக் கேட்குதா? நாதஸ்வரம் காதைக் குத்தாமல் இரண்டுக்கும் மேலால் போகுதா? அப்படியென்றால் உங்கட கொம்பனி செற் நல்ல செற், காசைப் பொக்கெற்றிலேயே வையுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே 'டும் டும்' என்று கேட்டால் மேலே சொன்ன வரிசையில் முதலாவதில் இருந்து தொடங்குங்கள். பெரிய பெட்டியைப் பூட்டின பிறகு இந்தச் சோதனையைச் செய்து பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கேட்கப்போவதும் அதே 'டும் டும்'தான், கொஞ்சம் பெரிசாக.